கையில் உள்ள கேமராவா, கடையில் உள்ள கேமராவா?



"நம் வீட்டுக்கு ஒரு கேமரா வேண்டுமா?" என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் எவரேனும் கேட்டிருந்தால், "அது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு?" என்றே பெரும்பாலான குடும்பங்களில் விடை வந்திருக்கும். திருமணமானால் ஸ்டுடியோக்காரரை அழைப்போம், பிள்ளைக்குப் பள்ளியில் படம் கேட்டால் ஸ்டுடியோவுக்கு நடப்போம், அத்துடன் சரி. இன்று அந்த நிலை இல்லை. கைபேசி என்ற பெயரில் வீட்டுக்கு இரண்டு மூன்று கேமராக்கள் வந்து குடியேறிவிட்டன.

ஆயினும் கேள்வி மறைந்துவிடவில்லை. வேறு உருவில் திரும்பியுள்ளது. "மகளுக்குப் புதுநன்மை வருகிறது, செல்போன் படம் போதுமா, தனிக் கேமரா ஒன்று வாங்கி வரட்டுமா?" என்று சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உழைக்கும் தந்தை கேட்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனோ, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விற்ற சிறு டிஜிட்டல் கேமராக்களுக்கு மீண்டும் மவுசு வந்துவிட்டது என்று சொல்லிப் பழைய கேமரா ஒன்றைத் தேடுகிறான். புதுக்கோட்டை மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு இது ஒரு மாத வருமானத்தையோ அதற்கு மேலோ விழுங்கக்கூடிய செலவு. ஆகவே விளம்பரத்தை நம்பாமலும், பழமையின் மேல் உள்ள பற்றினால் மயங்காமலும் இதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நமக்கு நலம் தரும்.

மாட்டு வண்டியில் வந்த கேமரா

புதுக்கோட்டை மண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857-இன் இறுதியில் புறப்பட்டு, திருச்சி, மதுரை, தஞ்சைப் பகுதிகளிலும் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டையிலும் அவர் படம் பிடித்தார். அந்தப் படங்கள் தனித்தனித் தொகுதிகளாக 1858-இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று புதுக்கோட்டைக்கென்றே அமைந்த தொகுதி.

அவருடைய கருவியும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. மெழுகு தடவிய தாளை நெகட்டிவாகப் பயன்படுத்திய முறை அது. ஒரு படத்துக்குக் கேமராவின் கண் பல நிமிடங்கள் திறந்திருக்க வேண்டும். அசைவது எதுவும் படத்தில் நிலைக்காது. எனவே கோபுரமும் கோட்டையும் பாறையும் தெளிவாக விழுந்தன. தெருவில் நடந்தவர்கள் தடமின்றி மறைந்து போயினர். வெளிச்சம் குறைந்தால் அசைவைப் பிடிப்பது கடினம் என்ற அந்த இடர்ப்பாடு இன்றைய கைபேசியிலும் முற்றாக நீங்கவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

சிறு பெட்டியின் கதை

கேமராவைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்த பெருமை அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்துக்கு உரியது. 1888-இல் அது விற்ற பெட்டிக் கேமராவில் நூறு படங்களுக்கான சுருள் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்தது. 1900-இல் ஒரு டாலர் விலையில் 'பிரௌனி' என்னும் பெட்டி வந்தது.

நம் நாட்டில் 1960-களிலும் 70-களிலும் பலர் வீட்டில் முதன்முதலாக நுழைந்த கேமரா 'ஆக்ஃபா கிளிக் 3' ஆகும். பரோடாவில் உருவான அந்தக் கறுப்புப் பெட்டியில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். நம் தமிழகத்திலும் உதகமண்டலத்தில் 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து வந்தது. பின்னர் பிலிமுக்கே வேலையில்லாமல் போனபோது அந்த ஆலையும் மூடப்பட்டது. 1980-களில் 'ஹாட் ஷாட்', 'யாஷிகா' போன்ற சிறு கேமராக்கள் வெளிநாடு சென்று வந்தவர்களின் பெட்டிகளிலும், உள்ளூர்க் கடைகளின் கண்ணாடி அலமாரிகளிலும் காட்சி தந்தன.

பிலிமை வேண்டாததாக்கிய டிஜிட்டல் கேமராவும் கோடாக் நிறுவனத்திலேயே பிறந்தது என்பது வியப்புக்குரியது. 1975-இல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் அங்கே உருவாக்கிய கருவி ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை கொண்டது. பத்தாயிரம் புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் ஆயின. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கேமரா பொருத்திய கைபேசியை விற்றது. அதன் படத்தில் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் புள்ளிகள் இருந்தன. இன்று குறைந்த விலைக் கைபேசியும் கோடிக் கணக்கில் புள்ளிகளைப் பேசுகிறது.

இதன் விளைவைக் கணக்கே சொல்லும். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, லென்ஸைக் கழற்ற இயலாத சிறு டிஜிட்டல் கேமராக்கள் 2010-இல் ஏறத்தாழ 10 கோடியே 80 லட்சம் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அந்த எண்ணிக்கை சுமார் 17 லட்சம். நூறு கேமரா விற்ற இடத்தில் அந்த ஆண்டில் இரண்டுகூட விற்கவில்லை. கோடாக் நிறுவனமே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குப் பிறகும் சிலர் தனிக் கேமராவைத் தேடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ஏதேனும் இருக்க வேண்டுமன்றோ? அதைப் பார்ப்போம்.

புள்ளியின் எண்ணிக்கையா, பாத்திரத்தின் வாயா?

கடைக்குச் சென்றால் விற்பவர் முதலில் சொல்வது, "இது 50 மெகாபிக்சல், இது 108 மெகாபிக்சல்" என்பதே. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். புள்ளிகள் மிகுந்தால் படம் சிறக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது பாதி உண்மையே.

மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் பாத்திரம் வைப்பதாகக் கொள்வோம். வாய் அகன்ற அண்டாவில் அதே நேரத்தில் மிகுதியான நீர் சேரும். சொம்பில் குறைவாகவே சேரும். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சில்லுக்கும் இதே நியதிதான். 'சென்சார்' என அழைக்கப்படும் அந்தச் சில்லு எவ்வளவு அகன்றதோ, அவ்வளவுக்கு மிகுந்த ஒளி சேரும். இருட்டில் படம் மணல் தூவியது போலப் பொரிந்து போகாமல் தெளிவாக வரும்.

விலை குறைந்த சிறு கேமராக்கள் பலவற்றில் இந்தச் சில்லு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளமும் நாலரை மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. உயர்ந்த வகைச் சிறு கேமராக்களில் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர் என்ற அளவில் சில்லு உண்டு. பரப்பில் முன்னதைவிட நான்கு மடங்கு. விலை உயர்ந்த கைபேசிகள் பலவற்றின் முதன்மைக் கேமராவோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இதிலிருந்து நாம் அறிய வேண்டிய முதல் உண்மை: தனிக் கேமரா என்ற பெயர் பெற்றதனாலேயே ஒரு கருவி கைபேசியை வென்றுவிடாது. ஐயாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய சிறு கேமராவைவிட, நம் கையில் உள்ள ஓரளவு நல்ல கைபேசி பெரும்பாலான வேளைகளில் தெளிவான படம் தரும்.

இரண்டாவது உண்மை: புள்ளி எண்ணிக்கை நமக்கு அவ்வளவு தேவையில்லை. நான்குக்கு ஆறு அங்குல ஆல்பம் பிரிண்ட் ஒன்றுக்கு 22 லட்சம் புள்ளிகள் போதும். சுவரில் மாட்டும் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படத்துக்கும் 86 லட்சம் புள்ளிகளே வேண்டும். 50 மெகாபிக்சல் கைபேசிகளும் பொதுவாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, 12 மெகாபிக்சல் அளவிலேயே படத்தைத் தருகின்றன. பெரிய எண்ணுக்காகப் பெரிய தொகை கொடுப்பது வீண்.

சில்லு சிறியதாயினும் கைபேசி நல்ல படம் தருவது எவ்வாறு? அதன் உள்ளே இருக்கும் கணினியே காரணம். நாம் ஒரு முறை பொத்தானைத் தொட, அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றில் நல்ல பகுதிகளை ஒன்றாக்கி, இருண்ட இடத்தை வெளிச்சமாக்கி, மிகை வெளிச்சத்தை அடக்கித் தருகிறது. ஆகவே கைபேசிப் படம் ஓர் நொடியின் பதிவு மட்டுமன்று. பல நொடித்துளிகளின் சேர்க்கை. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளன.

நம் ஊர்களில் வைத்துப் பார்ப்போம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நம் மாவட்டத்தில் நாம் படம் எடுக்கும் இடங்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நண்பகல் வெயிலில் திருமயம் கோட்டை மேல் குடும்பத்துடன் நிற்கிறோம். வானம் கண்ணைக் கூசுகிறது, முகத்திலோ நிழல். இங்கே கைபேசி எளிதில் வெல்லும். வானத்தின் நீலத்தையும் முகத்தின் தெளிவையும் அது ஒருசேரக் காத்துத் தரும். சாதாரணச் சிறு கேமராவில் வானம் வெளுத்துப் போகும். அல்லது முகம் கறுத்துப் போகும்.

விராலிமலையில் மயில்கள் உலவுகின்றன. பாறை மீது தோகை விரித்த மயில் நாற்பது அடி தள்ளி நிற்கிறது. கைபேசியில் இரு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குகிறோம். பெரும்பாலான கைபேசிகளில் இது படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுப்பதே தவிர வேறன்று. இரண்டு மடங்கு பெரிதாக்கினால் புள்ளிகளில் கால் பங்கே மிஞ்சும். எட்டு மடங்கு பெரிதாக்கினால் மயில் வண்ணத் திட்டாகிவிடும். தனிக் கேமராவில் கண்ணாடி வில்லையே முன்னே நகர்ந்து, தொலைவில் உள்ளதை அருகே கொண்டுவருகிறது. பத்து மடங்கு, முப்பது மடங்கு என்று அவ்வாறு பெரிதாக்கும் சிறு கேமராக்கள் உள்ளன. தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் தடுப்புக்கு வெளியே நின்று காளையைப் படம் பிடிக்க விழைவோருக்கும் இதுவே பொருந்தும். தொலைவு என்ற ஒரு துறையில் தனிக் கேமராவின் ஆட்சி இன்னும் நீங்கவில்லை. விலை மிக உயர்ந்த கைபேசிகள் சில, தொலைநோக்கு வில்லை ஒன்றைத் தனியே பெற்றிருப்பது இந்தக் குறையை ஓரளவே தீர்க்கிறது.

இனி, ஆவூரை நினைத்துக்கொள்வோம். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டிப் பாஸ்காவும் தேரோட்டமும் காண மக்கள் வெள்ளமாகத் திரளும் ஊர் அது. இருட்டிய பின் விளக்கொளியில் நிற்கும் ஆலய முகப்பைக் கைபேசியின் இரவுப் படம் அழகாகத் தரும். ஏனெனில் ஆலயம் அசைவதில்லை. ஆனால், நடிப்பவர் கை வீசுகையிலும், தேர் நகர்கையிலும், பல படங்களைச் சேர்க்கும் அந்த வித்தை தடுமாறும். கைகள் இரண்டு மூன்றாகத் தெரியும்; முகம் கரையும். டிரைப் காலத்துப் பழைய சிக்கல் புது உருவில் மீள்வதை இங்கே காண்கிறோம். பெரிய சில்லு உள்ள தனிக் கேமரா, ஒரே நொடித்துளியில் வேண்டிய ஒளியைச் சேர்த்துக்கொள்வதால் இவ்விடத்தில் மேலானது.

வீட்டுக்குள் இரவில் ஓடும் குழந்தையைப் படம் பிடிப்பதும் இத்தகையதே. தனிக் கேமராவின் ஃபிளாஷ் மின்னல் போல் ஒரு கணம் வெட்டி, பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருக்கும் உருவத்தை அசையாமல் நிறுத்தும். கைபேசியில் நாம் ஃபிளாஷ் என்று சொல்வது ஒரு சிறு டார்ச் விளக்கே. அதற்கு அந்த ஆற்றல் இல்லை.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் மேற்கூரையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமரைக் குளத்து ஓவியம் மங்கி நிற்கிறது. அங்கே எந்தக் கருவியாயினும் ஃபிளாஷை அணைத்துவிடுவதே முறை. படம் எடுப்பது பற்றிக் காவலர் சொல்வதற்குக் கட்டுப்படுவதும் நம் கடமை. மங்கலான, அசையாத அந்த ஓவியத்துக்குக் கைபேசியே போதும்.

கடைசியாக, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரைகள். மணலும் உப்புக் காற்றும் நீண்டு சுருங்கும் வில்லை உடைய சிறு கேமராவுக்குப் பகை. ஒரு மணல் துகள் இடுக்கில் புகுந்தால் வில்லை திறக்காமல் நின்றுவிடும். பழுது பார்க்கும் கூலி கேமராவின் விலையை எட்டும். கைபேசியில் அசையும் வில்லை வெளியே தெரியாததால் இந்த இடர் குறைவு.

முகத்தின் நிறம் யாருடையது?

தெளிவைவிட முக்கியமான ஒன்று உண்டு. அது உண்மை.

கைபேசிகள் பலவற்றில் முகத்தை 'அழகுபடுத்தும்' ஏற்பாடு, நாம் கேளாமலே இயங்குகிறது. கறுத்த மேனி வெளுக்கிறது. பாட்டியின் சுருக்கங்கள் மறைகின்றன. கன்னத்து மச்சம் காணாமல் போகிறது. வயலிலும் கல்குவாரியிலும் வெயில் குடித்து நம்மை வளர்த்த முகங்களை இக்கருவி 'குறை' என்று கருதித் திருத்துகிறது. இந்த மனப்போக்கு புதிதன்று. பிலிம் காலத்திலேயே, நிறம் சரிபார்க்க அமெரிக்க ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். கறுத்த முகங்கள் அந்த அளவுகோலால் மங்கிப் போயின. 2021-இல்தான் கூகுள் நிறுவனம், பல நிற மேனிகளையும் உள்ளபடி காட்டுவதற்கென்று தன் கைபேசிக் கேமராவைத் திருத்தியதாக அறிவித்தது.

கணினி இன்னும் ஒரு படி மேலே செல்வதும் உண்டு. 2023-இல், சாம்சங் கைபேசி எடுத்த நிலவின் படத்தில் கேமரா காணாத நுணுக்கங்களைக் கணினியே வரைந்து சேர்த்ததாகப் பெரிய வாதம் எழுந்தது. நிலவில் இது வேடிக்கை. நம் தாயின் முகத்தில் இது நடந்தால்? பேரப் பிள்ளைகள் ஐம்பது ஆண்டு கழித்துக் காண்பது, நம் தாய் அல்லாத ஒருவரின் முகமாக இருக்கும்.

தனிக் கேமராக்களும் படத்தைத் திருத்துகின்றன எனினும், அவற்றின் திருத்தம் பொதுவாக அடக்கமானது. கைபேசி வைத்திருப்போர் இன்றே செய்யத்தக்கது ஒன்று: கேமராவைத் திறந்து 'பியூட்டி' என்ற ஏற்பாட்டைத் தேடி அணைத்துவிடுங்கள். செலவில்லாமல் உங்கள் குடும்பத்தின் முகம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

படம் எங்கே தங்குகிறது?

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, ஓடுகள் பறந்தன, பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் கூரை இழந்த வீட்டில் ஆல்பம் நனைந்து ஒட்டிக்கொள்ளும். கைபேசியோ சார்ஜ் இன்றி ஊமையாகிக் கிடக்கும். சாய்ந்த மரத்தையும் இடிந்த சுவரையும் படம் பிடித்து அலுவலகத்தில் காட்ட வேண்டிய நாளில், அன்று மின்சாரம் உள்ள கருவி எதுவோ அதுவே சிறந்த கேமரா.

இந்தப் பேரிடர் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. படத்தை எடுப்பது பாதி வேலை, காப்பது மறுபாதி. கைபேசி மூன்று நான்கு ஆண்டுகளில் உடைகிறது, தொலைகிறது, கிணற்றில் விழுகிறது. அதனுடன் ஒரு குழந்தையின் முதல் நான்கு ஆண்டுகளும் போய்விடுகின்றன. தனிக் கேமராவில் மெமரி கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம் என்பது ஒரு வசதி. ஆனால் கார்டும் கெடும் பொருளே.

இணையத்தில் சேமிப்போரும் கவனிக்க வேண்டும். கூகுள் நிறுவனம் அளவின்றி இலவசமாகப் படங்களைச் சேமித்துத் தந்த ஏற்பாடு 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. அதன் பின் இலவச இடம், மின்னஞ்சல் முதலியவற்றையும் சேர்த்து 15 ஜி.பி. மட்டுமே.

வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு, பிள்ளை திருமுழுக்குப் பெற்ற அன்று மாலையே படம் சென்று சேர்வது கைபேசியின் ஈடற்ற சிறப்பு. தனிக் கேமராவுக்கு அந்த விரைவு இல்லை. ஆனால் வாட்ஸ்அப் வழியே செல்லும் படம் வழக்கமான முறையில் மிகச் சுருக்கப்படுகிறது. அங்கே பெற்றுக்கொண்டவர் அதைப் பெரிய பிரிண்டாகப் போட்டால் மங்கலாகத் தெரியும். 2023 முதல் வந்துள்ள 'எச்.டி.' என்ற தெரிவைப் பயன்படுத்தலாம். அல்லது படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காமல் முழுமையாகச் செல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு முறை சிறந்த முப்பது படங்களைத் தேர்ந்து பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பல வீட்டுச் சுவர்களில் நிற்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த செல்போன் படங்கள் எத்தனை பேரிடம் உள்ளன? காகிதத்துக்குச் சார்ஜ் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கடைவீதியில் இன்னும் கதவு திறந்திருக்கும் ஸ்டுடியோக்காரருக்கும் அதனால் ஒரு வேளைச் சோறு கிடைக்கும்.

கண் முன்னால் நடப்பதைக் காண

பன்னிரண்டு படம் மட்டுமே இருந்த காலத்தில், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சிந்தித்தோம். இன்று கணக்கில்லை, எனவே சிந்தனையும் இல்லை. ஒரே கேக்கை வெட்டும் படம் நாற்பது சேர்கிறது. மறுநாள் ஒன்றையும் யாரும் பார்ப்பதில்லை.

ஆலயத்தில் இதன் விளைவை நாம் அறிவோம். புதுநன்மை பெறும் குழந்தைக்கும் பீடத்துக்கும் நடுவே கைகள் உயர்ந்து, திரைகள் ஒளிர்ந்து, பின்னால் இருக்கும் பாட்டியின் கண்ணை மறைக்கின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8 அன்று தம் பொது மறையுரையில் இதைக் குறிப்பிட்டு வருந்தினார். இதயங்களை மேலே எழுப்புங்கள் என்றுதான் குரு அழைக்கிறார், கைபேசிகளை மேலே எழுப்புங்கள் என்று அழைப்பதில்லை என்னும் கருத்தில் அவர் பேசினார். திருப்பலி ஒரு காட்சி விருந்து அன்று என்பதையும் நினைவூட்டினார். பங்கில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குடும்பங்கள் சேர்ந்து ஒருவரையே படம் எடுக்க அமர்த்திக்கொண்டு, பின்னர் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். தொலைவை நெருக்கும் தனிக் கேமரா ஒருவரிடம் இருந்தால், அவர் பீடத்தை நெருங்காமல் ஓரமாக நின்றே எல்லாக் குழந்தைகளையும் எடுத்துவிடலாம். ஒரு கேமராவைப் பங்குக்கே பொதுவாக வாங்குவதும் இயலாததன்று.

பிள்ளைகளின் படங்களை ஊரறியப் பரப்புவதிலும் நிதானம் வேண்டும். கைபேசிப் படங்கள் பலவற்றில், அவை எடுக்கப்பட்ட இடமும் நேரமும் மறைவாகப் பதிவாகின்றன. வீட்டையும் பள்ளியையும் அந்நியர் அறிய நாமே வழி காட்டலாகாது. கேமராவின் அமைப்புகளில் இடத்தைப் பதியும் ஏற்பாட்டை அணைத்துவிடலாம்.

முடிவாக என்ன வாங்குவது?

அன்றாடக் குடும்பப் படங்களுக்கு, பகல் வெளிச்சத்துக்கு, உடனே அனுப்புவதற்கு, கையில் உள்ள கைபேசி போதும். அதை இன்னும் நன்கு பயன்படுத்தச் சில வழிகள் உண்டு. படம் எடுக்கும் முன் மெல்லிய பருத்தித் துணியால் வில்லையைத் துடையுங்கள். மங்கலான படங்களில் பலவற்றுக்கு விரலின் எண்ணெய்ப் பிசுக்கே காரணம். திரையை விரித்துப் பெரிதாக்குவதை விட்டு இரண்டு அடி முன்னே நடங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லாமல், சன்னல் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி நிறுத்துங்கள். இரு கையாலும் பிடித்து, மூச்சை ஒரு கணம் நிறுத்தித் தொடுங்கள்.

பறவை, ஜல்லிக்கட்டு, பள்ளி மேடை, விளையாட்டு என்று தொலைவில் உள்ளவற்றை அடிக்கடி எடுப்பவர்களும், இருட்டில் அசைவதை எடுக்க வேண்டியவர்களும் தனிக் கேமரா வாங்கலாம். தொலைவுக்கு வில்லை நகரும் வகையையும், இருட்டுக்குப் பெரிய சில்லு உள்ள வகையையும் கேட்டு வாங்க வேண்டும். பெரிய சில்லு உள்ள புதிய கேமராவுக்குப் பெருந்தொகை ஆகும். அந்தத் தொகையால் வேறு எது நின்றுபோகும் என்பதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்தை எந்தப் படமும் ஈடு செய்யாது.

பழைய கேமரா வாங்க விழையும் இளைஞர்கள் மூன்றைச் சோதிக்க வேண்டும். அதற்குரிய பேட்டரி இன்னும் கிடைக்கிறதா? அது ஏற்கும் மெமரி கார்டு கடையில் உண்டா? வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்துள்ளதா? நம் ஈரப்பதத்தில் அலமாரியில் கிடந்த கேமராக்களுக்கு வரும் நோய் அது. இவற்றுள் ஒன்று தவறினும் வாங்க வேண்டாம்.

கருவியை ஒளியும் தொலைவும் வேகமும் தீர்மானிக்கட்டும். பெருமையும் விளம்பரமும் தீர்மானிக்க வேண்டாம். எதை வாங்கினாலும், இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தாத்தாவையும் பாட்டியையும் திண்ணையில் ஒன்றாக அமர்த்தி, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். 'பியூட்டி'யை அணைத்துவிட்டு எடுங்கள். அதை அடுத்த வாரமே பிரிண்ட் போட்டு, பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களைத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.